பஞ்சில் விட்ட மருந்து

பலாபத்வல,
2024 மார்ச் 16, சனிக்கிழமை.

அன்புள்ள தம்பி பிரதீபனுக்கு அக்கா சந்திரகாந்தா எழுதுவது.

உன் பிள்ளைகள் இரண்டும் சுகம். சிவரூபினி தவணைப் பரீட்சையில் கணக்குக்கு எண்பத்தேழு எடுத்திருக்கிறாள். நிதுஷன் நேற்று மதிலில் ஏறி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, மருந்து போட விடாமல் வளவெல்லாம் ஓடினான். உன் மனைவி துஷாராவும் சுகம், நான் வாய் திறக்கப் போகிறேன் என்றதிலிருந்து என்னோடுதான் பேச்சு இல்லை. ஒரே வளவில் இருந்துகொண்டு உப்பு வேண்டுமென்றாலும் மகளைத்தான் அனுப்புகிறாள். எனக்குக் கால் வீக்கம் குறையவில்லை, ஆனாலும் தோட்டத்து ஏற்றம் ஏறித்தான் கிளினிக்குக்குப் போய் வருகிறேன்.

கோல் எடுத்தால் வெட்டுகிறாய். வொய்ஸ் அனுப்பினால் கேட்டுவிட்டு வாய் திறக்காமல் இருக்கிறாய். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாதே, அதனால்தான் எழுதுகிறேன். என்னோடு வேலை செய்யும் நஸ்மியாவின் கணவர் லீவு முடிந்து திங்கட்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறார். உன் கையிலேயே கொடுக்க வேண்டும், அறையில் வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நல்ல மனிதர், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

நீ கடைசியாக அனுப்பிய வொய்ஸை நான் நாலு தரம் கேட்டேன். அக்கா, செத்த புள்ள திரும்பி வரவா போகுது, நீ வாயத் தொறந்தா ஒன் வேலைதான் போகும், பென்சனுக்கு இன்னும் எத்தன வருசம் இருக்குன்னு யோசிச்சுப் பாரு என்று சொல்லியிருந்தாய். என் பென்சன் மேல் உனக்கு இவ்வளவு கரிசனம் எப்போது வந்தது? பத்தொன்பது வருஷமாக இந்த மிட்வைஃப் வேலை செய்கிறேன், ஒரு நாளும் நீ அதைக் கேட்டதில்லை. என் வேலைக்குப் பின்னால் உன் மகனின் பெயரை ஒளித்து வைக்கப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? உன்னை வளர்த்தவள் நான், உன் முதுகைப் பார்த்தே முகத்தைச் சொல்வேன்.

சரி, ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன். நீ மறந்தது போல நடிப்பதால் ஒவ்வொன்றாய் எழுதத்தான் வேண்டும்.

சிவரூபினிக்கு நாலாம் மாத ஊசி போட்ட அன்று பின்னேரம் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. அவள் கண் மேலே செருகியதையும், வாயில் நுரை வந்ததையும் நீ பார்த்தாய். நானும்தான் பார்த்தேன், என் மடியில்தான் அவள் விறைத்துக் கிடந்தாள். அந்தப் பயத்தை நான் ஒரு நாளும் கேலி செய்யவில்லை. டொக்டர் பரிசோதித்துவிட்டு, இது காய்ச்சலில் வந்த வலிப்பு, மிச்ச ஊசிகளைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் போடுங்கள், அங்கே பக்கத்தில் இருந்து பார்ப்பார்கள் என்றார். நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனேன், எல்லா ஊசியும் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை. அது மட்டும் உன் நினைவில் நிற்கவே இல்லை.

நிதுஷன் பிறந்தபோது நீ என் முன்னால் வந்து நின்றாய். இவனுக்கு ஊசி வேணாம் அக்கா, மீறிப் போட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா செத்தாலும் ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன் என்றாய். ஆஸ்பத்திரியில் வைத்துப் போடலாம் என்று கெஞ்சினேன். நீ ஃபோனில் யாரோ பேசிய வீடியோக்களைப் போட்டுக் காட்டினாய். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாய் பார், அது இன்னும் என் காதில் இருக்கிறது. ஊர்ல நூறு புள்ளைங்களுக்குப் போட்டிருக்கு, நம்ம ஒரு புள்ளைக்குப் போடாட்டி என்ன கொறஞ்சிடும் என்று கேட்டாய்.

அதற்கு என்னிடம் அப்போதே பதில் இருந்தது. தினம் தினம் தோட்டத்து லயத்து வீட்டு வாசல்களில் நின்று தாய்மாருக்குச் சொல்கிற பதில்தான். உன்னிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா போனபோது உனக்கு ஆறு வயது, அன்றிலிருந்து நீ முகத்தைத் தூக்கினால் எனக்குச் சோறு இறங்காது, அதுதான் என் வியாதி.

ஊசி போடவில்லை என்று எழுதினால் மேலிடத்திலிருந்து வீடு தேடி வருவார்கள், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும் கார்டு கேட்பார்கள். அதனால் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் நிதுஷனின் பங்கு மருந்தை ஊசியில் ஏற்றி, ஒருவரும் பார்க்காத நேரத்தில் பஞ்சில் விட்டுவிட்டு, அவன் கார்டில் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். ஒன்பதாம் மாதத்தில் மீசில்ஸுக்கு, அந்தச் சின்னமுத்துக்குப் போடுகிற ஊசிக்கும் அப்படித்தான், மூன்று வயது ஊசிக்கும் அப்படித்தான். உனக்காக மட்டும் செய்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். என் ஏரியாவில் நூற்றுக்கு நூறு பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருக்கிறது என்று ஒரு சான்றிதழ் தந்திருந்தார்கள், அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். அந்த நூறு தொண்ணூற்றொன்பது ஆவது எனக்குப் பிடிக்கவில்லை. போன மாதம் அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டேன்.

இப்போது ஜனவரிக்கு வருகிறேன். டிசம்பர் கடைசியில் துஷாரா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வத்தளைக்குக் கல்யாணத்துக்குப் போனாள். அந்தப் பக்கம் சின்னமுத்து இருக்கிறது, போகாதே என்றேன். கார்டுலதான் ஊசி போட்டிருக்கே மச்சி என்று என்னிடமே சொல்லிச் சிரித்தாள். எனக்கும் அப்போது சிரிப்பு வந்தது, அதை நினைத்தால் இன்று வாயில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஜனவரி ஒன்பது, செவ்வாய்க்கிழமை, தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் மாதக் கிளினிக். நிதுஷனுக்குச் சளியும் காய்ச்சலும், கண்ணெல்லாம் சிவந்து இருக்கிறது, மருந்து தா என்று துஷாரா அவனை அங்கேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வேலை நெரிசலில் நான் அவன் வாயைக்கூடத் திறந்து பார்க்காமல், போய் அந்த மர வாங்கில் உட்கார்ந்திரு என்றேன். அந்த வாங்கில் ரஜிதா தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு நிறை பார்க்கக் காத்திருந்தாள். உனக்கு ரஜிதாவைத் தெரியாது. மேல் லயத்துப் பழனிமுத்துவின் மனைவி. அவன் தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த பிள்ளை அது, யதுர்ஷினி என்று பெயர். ஆறரை மாதம், ஆறு கிலோ எண்ணூறு. கையில் எதைக் கொடுத்தாலும் வாயில் வைத்துவிட்டு ஆளைப் பார்த்துச் சிரிக்கும்.

உன் மகன் அதன் கன்னத்தைப் பிடித்து விளையாடினான், முகத்துக்கு நேரே இருமினான். தங்கச்சிக்கு முத்தம் குடு என்று நான்தான் சொன்னேன் தம்பி. இந்த வாயால் சொன்னேன்.

அன்று பொழுதுபடும் நேரத்தில் அவனுக்குக் காய்ச்சல் கூடிற்று என்று துஷாரா கூப்பிட்டாள். டோர்ச் அடித்து வாயைத் திறந்து பார்த்தேன். கன்னத்தின் உள்பக்கம் உப்புத் தூவினது போல வெள்ளைப் புள்ளிகள். அது என்ன என்று எனக்குத் தெரியும், இரண்டு நாளில் மேலெல்லாம் சிவந்து போடும் என்றும் தெரியும். உடனே உனக்குத்தான் கோல் எடுத்தேன். ஊதிப் பெருசாக்காத அக்கா, வெறும் சளியா இருக்கும், ரெண்டு நாள் பொறுத்துப் பாரு, இப்பவே டொக்டர்கிட்ட சொன்னா கார்டு விசயம் வெளிய வந்துரும் என்றாய். நான் பொறுத்தேன். அடுத்த நாள் காலையில் துஷாராவையும் பிள்ளைகளையும் லக்கலையில் அவள் பெரியப்பாவின் கடை வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். ஒரு நாளைக்கு ஒரு பஸ் போகிற இடம், அங்கே பிள்ளைக்கு மேலெல்லாம் போட்டதை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன், மறைத்தும்விட்டேன்.

இனி நான் எழுதப்போவது உனக்குத் தெரியாது. துஷாராவுக்கும் தெரியாது. இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதினேன்.

சின்னமுத்து ஊசி ஒன்பதாம் மாதம்தான். அதுவரை கைப்பிள்ளைகளுக்குச் சுற்றி இருக்கிற நாங்கள்தான் காவல். நூறு பேருக்குப் போட்டிருக்கே என்று நீ கேட்டாயே, அந்த நூறு பேரும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவும்தான் போட்டுக்கொள்கிறார்கள். இது நீ அறிந்ததுதான். அறியாதது இன்னொன்று. ஆறு மாதம் தாண்டிய பிள்ளை நோய்க்காரனுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டது என்று தெரிந்தால், மூன்று நாளுக்குள் அந்த ஊசியை முந்திப் போடலாம். போட்டால் அநேகமாக நோய் வராது, வந்தாலும் உயிரைக் கொண்டுபோகும் அளவுக்கு வராமல் இருக்கும். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி காலை வரை எனக்கு நேரம் இருந்தது. மருந்து கிளினிக் குளிர்ப்பெட்டியிலேயே இருந்தது. மேல் லயம் என் அறையிலிருந்து இருபது நிமிஷ நடை. எங்கள் கிளினிக்குப் பொறுப்பான டொக்டர் மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு வாங்கில் இருந்த கைப்பிள்ளைகள் அத்தனையையும் கூப்பிட்டுப் பார்த்திருப்பார். வியாழக்கிழமை நான் ஃபோனைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். வெள்ளிக்கிழமை முழுக வார்த்துக்கொண்டு பொங்கலுக்குச் சாமான் வாங்க டவுனுக்குப் போனேன்.

மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. யதுர்ஷினிக்கு இருபதாம் திகதி காய்ச்சல் தொடங்கிற்று. நெஞ்சில் சளி இறங்கி ஆஸ்பத்திரியில் குழாய் வைத்தார்கள். பெப்ரவரி இரண்டாம் திகதி போய்விட்டது. இரத்தம் கொழும்புக்குப் போய், சின்னமுத்துதான் என்று உறுதியாகி வந்தது.

சுகாதாரப் பரிசோதகர், நம்ம பீ.எச்.ஐ. மஹத்தயா, விசாரிக்க வந்தார். அன்று கிளினிக்கில் இருந்த பிள்ளைகளின் கார்டு எல்லாவற்றையும் பார்த்தார். நிதுஷனின் கார்டையும் பார்த்தார். இரண்டு ஊசியும் போட்டிருக்கிறது, கையெழுத்துப் பக்கத்திலேயே நிற்கிறது. இந்தப் பிள்ளையைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை என்று மூடி வைத்துவிட்டார். பிறகு ரஜிதாவிடம், பிள்ளையை எங்கெங்கே கொண்டுபோனாய் என்று கேட்டார். பொங்கலுக்கு முதல் வியாழக்கிழமை புருஷனைப் பார்க்கத் தம்புள்ளைக்குப் போய் வந்ததை அவள் ஒளிக்காமல் சொன்னாள். நாலு திசையிலிருந்தும் லொறி வருகிற இடம், அங்கேதான் தொற்றியிருக்கும் என்று எழுதிக்கொண்டு போனார். நான் பக்கத்தில் நின்று அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன்.

அன்றிலிருந்து அவள் பட்டதை எழுதக் கை கூசுகிறது. மாமியார் அழகாயி லயத்து வாசலில் நின்று, கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு சந்தைக்குச் சோக்கு காட்டப் போனவ, பெத்ததத் தின்னுட்டு வந்து நிக்கிறா என்று கத்தினாள். நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் அவளைக் கூப்பிடுவதில்லை. பழனிமுத்து அடிக்கவில்லை, ஏசவில்லை, அவள் முகத்தைப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டான். முப்பதாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவளைக் கீழ்ப் பிரிவில் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டான். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். அந்தக் குதிரை நீயும் நானும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். கூலிக்கு மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, வாங்க மிஸ், நீங்களாச்சும் வந்தீங்களே என்றாள். கதிரையைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாம் சொன்னேன், பஞ்சில் விட்டதையும் சொன்னேன், அந்த மூன்று நாளையும் சொன்னேன். அவள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? அப்ப நான் தம்புள்ளைக்குப் போனதால இல்லையா மிஸ் என்று கேட்டாள். இல்லை என்றேன். திரும்பவும் அதையே கேட்டாள். மூன்று தரம் கேட்டாள், மூன்று தரமும் இல்லை என்றேன். பிறகு அந்தப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, சுகம் என்றேன். யாரு புள்ள மிஸ் என்றாள்.

என்னால் சொல்ல முடியவில்லை பிரதீபன். எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன், வாங்கில் பக்கத்தில் இருந்தவள் அவள்தானே. மிளகுச் சுளகைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். போங்க மிஸ், என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க என்று கத்தினாள். அவளுடைய அம்மா ஓடி வந்தாள். நான் ரோட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு ரஜிதா பின்னால் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, இத அவருகிட்ட வந்து சொல்லுங்க மிஸ், எனக்கு வேற ஒண்ணும் வேணாம், அவரு என் மூஞ்சியப் பார்த்தாப் போதும் என்றாள்.

வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

டொக்டர் மிஸ்ஸுக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதிவிட்டேன், என் பையில் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் கொடுப்பேன். இதை நீ படிக்கும்போது அது நடந்து முடிந்திருக்கும், அதனால் வேண்டாம் என்று சொல்ல அவசரப்பட்டுக் கோல் எடுக்காதே. வேலை போகலாம், பொலிஸுக்கும் போகலாம். அதற்கு நான் அழமாட்டேன். வெளியில் ரஜிதாவை விட்டால் நஸ்மியா மட்டும்தான் விஷயம் தெரிந்தவள். அவள், ஆண்டவன் மன்னிக்கலாம் அக்கா, ஆனா அந்தப் புள்ளையோட உம்மா மன்னிக்கணும்னு கேக்காதீங்க என்றாள். நான் கேட்கப் போவதில்லை.

நிதுஷனுக்குச் சின்னமுத்து வந்து போய்விட்டது, ஆனால் மற்ற நோய்களுக்கு அவன் இன்னும் வெறும் உடம்போடுதான் ஓடித் திரிகிறான். விடுபட்டதை எல்லாம் ஆஸ்பத்திரியில் வைத்துப் போடச் சொல்லி டொக்டர் மிஸ்ஸிடம் கேட்கப் போகிறேன். துஷாரா மாட்டேன் என்பாள். நீ சொன்னால் கேட்பாள். வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று கேட்பாய். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வந்தால் பார்ப்பதற்கு ஆள் இருக்கிறது. யதுர்ஷினிக்கு அந்த வெள்ளிக்கிழமை வரை ஒருவரும் இருக்கவில்லை.

கடைசியாக ஒன்று. மார்ச் முப்பத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை, பழனிமுத்து வீட்டில் இருப்பான். பத்து மணிக்கு நான் மேல் லயத்தில் அவன் முன்னால் நிற்பேன். அழகாயியும் இருப்பாள், ரஜிதாவையும் கூட்டிக்கொண்டுதான் போவேன். யார் பிள்ளை என்று அங்கேயும் கேட்பார்கள். இந்த முறை சொல்லத்தான் போகிறேன். ஆனால் அவன் அதை என் வாயால் கேட்பதற்கு முன் உன் வாயால் கேட்க வேண்டும் தம்பி. அவனும் உன்னைப் போல வீட்டை விட்டுத் தள்ளி நின்று உழைக்கிறவன், வாரத்தில் ஒரு நாள் பிள்ளையைத் தூக்கியவன். அவன் நம்பரைத் தனித் துண்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் பின்னேரம் நாலு மணிக்கு மேல் ஓய்வாக இருப்பான். ஏசுவான், ஏசட்டும், வெட்டாமல் கேட்டுக்கொண்டிரு. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் எங்க புள்ளகிட்ட இருந்துதான் வந்துச்சு, ஒங்க சம்சாரம் மேல குத்தமில்ல என்று மட்டும் சொல்.

உன்னிடம் இதைக் கேட்கப் போகிறேன் என்று சொன்னதற்கு, நீ செய்ய மாட்டாய் என்று துஷாரா என் காதுபட சிவரூபினியிடம் சொல்கிறாள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. பொய் எழுதக் கற்றுக்கொடுத்தவளே நான்தானே, எந்த முகத்தோடு உன்னை உண்மை பேசச் சொல்வது? இருந்தாலும் கேட்கிறேன். எனக்காக நான் உன்னிடம் கேட்டுக்கொண்டது இதுவரை ஒன்றும் இல்லை, இதுதான் முதல் தடவை.

நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் நிற்கும்போது தண்ணீர் குடி. உன் பிள்ளைகள் இரண்டும் நோய் நொடியில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். இந்த ஆசீர்வாதத்தைப் பழனிமுத்துவோடு பேசிவிட்டு எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த அக்கா,
சந்திரகாந்தா.